கொச்சிக்கடை மாடியில் ஒரு குளிர்நாட்டுக் கோவா

துறைமுகத்தின் ஆரவாரம் ஒருபுறமும் ஜம்பட்டா வீதியின் சனநெருக்கம் மறுபுறமுமாக அமைந்து, அந்தோனியார் கோவிலுக்கு வருவோரும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்துக்கு வருவோரும் தோளுரசிச் செல்லும் கொச்சிக்கடையில், பயிர் செய்வதற்கென்று வெறும் மண் ஒரு பாயளவாவது மிஞ்சியிருக்கும் வீடுகள் மிகச் சிலவே. ஆயினும் நிலமில்லாத குறையை மாடியால் தீர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் இப்பகுதி மக்களிடம் எப்போதும் உண்டு. வெறுமையான பெயின்ட் வாளிகளிலும், அரிசிச் சாக்குகளிலும், ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டிகளிலும் மிளகாயும் கத்தரியும் பொன்னாங்காணியும் வளர்த்துவந்த அவர்களுடைய ஆர்வம், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பன்மடங்கு விருத்தியடைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலையேற்றம் 94.9 வீதத்தை எட்டியிருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே, அரசாங்க ஊழியர்கள் தத்தம் வீட்டுத் தோட்டங்களைக் கவனிக்கட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்கு விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்திருந்தது.

அந்த ஆர்வம் மிளகாயோடும் கத்தரியோடும் நின்றுவிடுவதில்லை. இலண்டனிலும் டொரொன்டோவிலும் வாழும் உறவினர் வீட்டு நத்தார் விருந்தில் ஒரு புதிய மரக்கறியைச் சுவைத்தவர்கள், அதைத் தம் வீட்டிலும் வளர்த்துப் பார்க்க விரும்புவது இயல்பே. பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்று உலகம் வழங்கும் அந்தச் சிறுகோவா, நாம் அன்றாடம் சமைக்கும் கோவாவின் நெருங்கிய பந்து. ஆனால் உச்சியில் ஒரே பெரிய உருண்டையாகத் திரளாமல், இரண்டடி மூன்றடி உயரம் நிமிர்ந்து நிற்கும் தண்டில், ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் தேசிக்காயளவு சிறு உருண்டையாகத் திரள்வது. கொச்சிக்கடை மாடியில் இட்ட விதை முளைக்கிறது, நாற்று எழும்புகிறது, இலைகளும் பருத்து விரிகின்றன. அதன்பின் மாதங்கள் கழிந்தும் கக்கங்களில் உருண்டை தோன்றுவதில்லை. தோன்றினாலும் இறுகாமல், சிறு ரோஜாவைப் போல விரிந்து மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தண்ணீர் காணவில்லையோ, எரு காணவில்லையோ என்று வளர்த்தவர் மனம் சஞ்சலப்படுகிறது. இன்னும் ஒரு பிடி யூரியா வாளிக்குள் விழுகிறது.

இத்தகைய சந்தர்ப்பங்களில் விசாரணையை எருவிலிருந்து தொடங்குவதே நம்மவர் வழக்கம். என்னுடைய அபிப்பிராயத்தில் அந்த வரிசை தலைகீழானது. ஒரு செடி வளராமைக்குக் காரணம் தேடுவோர் முதலில் அச்செடி நிற்கும் இடத்தின் சீதோஷ்ணத்தையும், அதிலும் குறிப்பாக இரவின் வெப்பத்தையும் விசாரிக்க வேண்டும். அடுத்து வேரையும் அது பற்றி நிற்கும் மண்ணையும். அதன் பின்னரே எருவையும் பூச்சியையும். முதற் கேள்விக்கு உரிய விடை கிடைக்காதவரையில், பின்வரும் கேள்விகளுக்கு எவ்வளவு பணமும் பிரயாசையும் செலவிட்டாலும் உருண்டை திரளாது. அதன் பழியை வளர்ப்பவர் தம் கைராசியின்மேல் போட்டுக்கொள்வதும் நியாயமன்று.

சிறுகோவாவின் பூர்வோத்தரத்தைச் சற்று அறிந்தால் இது தெளிவாகும். ஐரோப்பாவின் அத்திலாந்திக் கரையோரப் பாறைகளில் இன்றும் காட்டுச்செடியாக வளரும் ஒரே இனத்திலிருந்துதான், மனிதர் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதன் பயனாக, கோவாவும் பூக்கோவாவும் புரொக்கோலியும் நோக்கோலும் தோன்றின. இலையை விரும்பியவர் இலையைப் பெருக்கினர். தண்டை விரும்பியவர் நோக்கோலைப் பெற்றனர். பக்க மொட்டுக்களை விரும்பியவர்களுக்குக் கிடைத்ததே சிறுகோவா. இன்றைய பெல்ஜியத்தின் தலைநகரைச் சூழ்ந்த வயல்களில் அது பேணப்பட்டதாலேயே அந்நகரின் பெயரைப் பெற்றது. ஐயத்துக்கிடமில்லாத வருணனை 1587ஆம் ஆண்டிலேயே கிடைக்கின்றதாயினும், பிரான்சிலும் இங்கிலாந்திலும் அது பரவியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். அமெரிக்காவில் தோமஸ் ஜெபர்சன் தம் மொன்டிசெல்லோத் தோட்டத்தில் அதை நட்டது 1812இல். இந்த வரலாறு முழுவதிலும் அச்செடி குளிர்ந்த, ஈரமான, நீண்ட இலையுதிர்காலத்தையுடைய நாடுகளைவிட்டு வெளியே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று அமெரிக்காவில் அதன் பெரும்பகுதி விளைவது கலிபோர்னியாவில். அதிலும் வெயில் கொளுத்தும் உட்சமவெளியில் அன்று, பசுபிக் சமுத்திரத்தின் குளிர்ந்த மூடுபனி தினந்தோறும் வந்து கவியும் கரையோரத்தில்.

குளிர் ஏன் தேவை என்பதற்கு விடை செடியின் வரவுசெலவில் இருக்கிறது. இலையானது பகலில் சூரிய வெளிச்சத்தைக்கொண்டு சர்க்கரையை ஆக்குகிறது. இரவிலோ வெளிச்சமின்மையால் ஆக்கம் நின்றுவிட, உயிர்வாழ்வதற்கான சுவாசம் மாத்திரம் நடந்து, பகலில் சேர்ந்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 பாகை உயருந்தோறும் அந்தச் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. பகல் முழுவதும் உழைத்துத் தேடியதை இரவு விடிவதற்குள் செலவழித்துவிடும் குடும்பத்தில் மிச்சம் எப்படிப் பிடிக்காதோ, அப்படியே உஷ்ணமான இரவுகளில் நிற்கும் சிறுகோவாவிலும் சேமிப்பு என்பது உண்டாவதில்லை. சேமிப்பில்லாத இடத்தில் உருண்டையும் இல்லை, ஏனெனில் அந்த உருண்டை என்பதே, அடுத்த பருவத்துக்கென்று செடி இறுக மூடிச் சேர்த்துவைக்கும் ஆகாரந்தான். அன்றியும், இளம் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்புறம் வளைந்து மடிவதற்கே குளிர்ச்சி வேண்டும். வெப்பம் மிகுந்தால் அவை வெளிப்புறமாக விரிகின்றன. 15 பாகையிலிருந்து 18 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பமே இச்செடிக்கு உவப்பானது. கொழும்பிலோ தை மாதத்தின் மிகக் குளிர்ந்த இரவுகள்கூடச் சராசரி 22 பாகையளவிலேயே நிற்கின்றன. வைகாசியில் அது 25 பாகையை எட்டுகிறது. கொச்சிக்கடையின் சிமெந்து மாடிகளில் நிலைமை இன்னும் கடினம். பகலெல்லாம் வெயிலை உட்கொண்ட தட்டு, நள்ளிரவு கடந்தும் அந்த வெக்கையைக் கக்கிக்கொண்டேயிருக்கும்.

ஆகையால், கொழும்பிலே இலை செழித்தும் உருண்டை பிடிக்காத செடியைக் கண்டால், அதை நோய் என்று மயங்க வேண்டியதில்லை. அது தன் சுபாவப்படியே நடந்துகொள்கிறது.

அச்செடிக்கு உரிய ஸ்தானம் இந்நாட்டில் எது என்பதைக் கணக்கிட்டே அறியலாம். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் வெப்பம் சராசரி 6.5 பாகை குறைகிறது. நுவரெலியா இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். எனவே கொழும்பைவிட அங்கே ஏறத்தாழ 12 பாகை குறைவாக இருக்க வேண்டும். கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 பாகையை ஒட்டியும் நுவரெலியாவினுடையது 16 பாகையை ஒட்டியும் அமைந்திருப்பது இக்கணக்குக்கு வெகு அணித்தானது. மார்கழி, தை மாதங்களில் அங்கே இரவுகள் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. சில விடியல்களில் புல்வெளிமேல் உறைபனியும் படியும். தமிழ்நாட்டின் உதகமண்டலமும் கொடைக்கானலும் இதே காரணத்தால் குளிர்நாட்டு மரக்கறிகளின் இருப்பிடங்களாயின.

நுவரெலியாவை மரக்கறிக்கு உகந்த நிலமாக முதன்முதல் பெருமுயற்சியோடு பரீட்சித்தவர்களுள் சாமுவேல் பேக்கர் குறிப்பிடத்தக்கவர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழடைந்த இவ்வாங்கிலேயர், நோய் தீர்ந்து உடல் தேறுவதற்காக அங்கு தங்கியபோது அவ்விடத்தின் குளிர்ச்சியில் மனத்தைப் பறிகொடுத்து, 1848ஆம் ஆண்டில் குடும்பத்தாரோடும் தொழிலாளரோடும் கால்நடைகளோடும் விதைகளோடும் வந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அங்கே நிறுவ முனைந்தார். சீதோஷ்ணம் கைகொடுத்தது, ஆனால் மண் கைகொடுக்கவில்லை. கரிய நிறம் கொண்டு பார்வைக்கு வளமாகத் தோன்றிய நிலம் உண்மையில் சாரமற்றதாக இருந்தது. முதற்போகத்து உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்று தீர்த்தன. எருவிட்டு, நீர் வடியச் செய்து, நிலத்தைப் பண்படுத்திய பின்னரே அங்கே பயிர் நிலைத்தது. தம் அனுபவங்களை அவர் 1855இல் நூலாக எழுதி வெளியிட்டார். அவருக்குப் பின், 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது, மலைநாட்டு மரக்கறி கொழும்புச் சந்தைக்கு நாள்தோறும் வந்துசேர வழிவகுத்தது. இன்றும் லீக்ஸும் கரட்டும் கோவாவும் அம்மலைகளிலிருந்தே வருகின்றன. தேயிலைத் தோட்டங்களின் லயங்களைச் சுற்றியுள்ள துண்டு நிலங்களில் அவற்றை விளைவிப்போருள் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளரே என்பதையும் நாம் மறக்கலாகாது. சிறுகோவாவை வளர்க்க முயலும் கொச்சிக்கடைவாசிக்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி, அவர் சந்தையில் வாங்கும் கோவாவை வளர்த்த அந்தக் கைகளிடமே இருக்கிறது.

பேக்கரின் கதை நம் இரண்டாவது விசாரணைக்கு நம்மை இட்டுச் செல்கிறது. குளிர் வாய்த்தால் மாத்திரம் போதாது. மண்ணும் வாய்க்க வேண்டும். நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ வசிப்பவர்களுக்கும், பனிநாடுகளில் வீட்டின் பின்புறத்தே பாத்தி கட்டியிருக்கும் நம்மவர்களுக்கும் சிறுகோவா பொய்க்குமானால் அதற்குரிய காரணத்தைப் பெரும்பாலும் வேரடியிலேயே காணலாம்.

மற்றப் பயிர்களுக்கு மண் பொலபொலவென்று இருக்க வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். சிறுகோவாவுக்கோ வேரடி மண் இறுகியிருக்க வேண்டும். உயர்ந்து தலைகனத்து நிற்கும் செடியாகையால், தளர்ந்த மண்ணில் அது காற்றில் அசைந்தாடி, ஒவ்வோர் அசைவிலும் மெல்லிய தூவிவேர்களை அறுத்துக்கொள்கிறது. அத்தகைய செடியில் திரளும் உருண்டைகளும் தளர்ந்தே இருக்கும். நாற்றை நட்டபின் குதிக்காலால் சுற்றிலும் மிதித்து இறுக்குவது ஆங்கிலத் தோட்டக்காரரின் பழைய வழக்கம். இறுக்கம் போதுமா என்று அறிய அவர்கள் கையாளும் பரீட்சை எளியது: ஓர் இலையின் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும், செடி பெயராமல் இலை கிழிந்தால் நடுகை சரி. கொழும்பு மாடிகளில் பாரம் குறைவதற்காகத் தும்புத்தூளையே பெரும்பங்காகக் கலந்து வாளி நிரப்புகிறோம். அக்கலவை கீரைக்கு உத்தமமானது, இதற்கு உதவாது. தோட்டத்து மண் பாதிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஒரு செடிக்கு 20 லீற்றர் கொள்ளும் வாளியேனும் வேண்டும். அடியில் நீர் வடியத் துளைகள் வேண்டும். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்பில், துளையில்லாத வாளியில் நிற்கும் எந்தக் கோவாவும் ஐப்பசி மழையைத் தாங்கித் தப்பாது. ஒழுங்கைகளில் இருபுறமும் மாடிகள் எழுந்து நிற்கும் வீடுகளில் வெளிச்சத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படாத செடி நெட்டையாக எழுந்து சாயும்.

மண்ணின் புளிப்புத் தன்மை அடுத்த விஷயம். இதுவே மிகவும் அலட்சியம் செய்யப்படுவது. கபுக்கல் என்று கொழும்பில் வழங்கும் செம்பூராங்கல் நிலமும், மலைநாட்டு நிலமும், காலங்காலமாகப் பெய்யும் கனமழையால் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கழுவுண்டு போய்ப் புளித்திருப்பவை. தேயிலைக்கு அந்தப் புளிப்பே பிரியம், அது 4.5 முதல் 5.5 வரையான பீ.எச். அளவில் செழிக்கும். கோவாக் குடும்பத்துக்கு 6க்கும் 7க்கும் இடைப்பட்ட அளவு வேண்டும். ஆகவே முன்பு தேயிலை நின்ற நிலத்தில் கோவா நட விரும்புவோர், சில வாரங்களுக்கு முன்பே டொலமைட் தூவிக் கொத்திக் கலந்துவைத்தல் இன்றியமையாதது. யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணாம்புப் பாறைமேல் கிடப்பதாகையால் அங்கே இத்தொல்லை இல்லை; மாரிகாலத்து இரவுகள் சற்றுக் குளிரும்போது குடாநாட்டுக் கமக்காரர் கோவா விளைவித்துக்கொள்வதற்கு இதுவும் ஓர் அனுகூலம்.

புளித்த மண் இன்னொரு பெருந்தீமைக்கும் இடங்கொடுக்கிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி நண்பகலில் வாடி, மாலையில் நிமிர்ந்து, மறுநாளும் வாடுமானால், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். வேர்கள் மெல்லிய நூல்களாகப் பிரியாமல் கிழங்குபோல் வீங்கி முடிச்சு முடிச்சாகத் திரண்டிருந்தால் அது வேர்வீக்க நோய். 1870களில் ரஷ்யாவில் சென் பீற்றர்ஸ்பேர்க்கைச் சூழ்ந்த தோட்டங்களில் இந்நோய் கோவாவைப் பேரளவில் அழித்தபோது, அந்நாட்டுத் தோட்டக்கலைச் சங்கம் காரணத்தைக் கண்டறிவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தது. மிகாயில் வொரோனின் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் இடைவிடாது ஆராய்ந்து, வேரின் உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருந்து பெருகும் நுண்ணுயிர் ஒன்றே அதற்குக் காரணம் என்பதை 1878இல் வெளிப்படுத்தினார். அதன் வித்திகள் மண்ணில் இருபது ஆண்டுகள் வரையிலும் உயிரோடு உறங்கிக் கிடக்க வல்லவை. மருந்தடித்து நோயை நீக்கும் உபாயம் இல்லை. சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை மாற்றுவதும், நீர் தேங்காமல் காப்பதும், கோவாக் குடும்பத்தைப் பல ஆண்டுகளுக்கு அந்நிலத்தில் நடாதிருப்பதும், நோயுற்ற வேரைக் கூட்டெருக் குவியலில் போடாமல் எரித்துவிடுவதுமே பரிகாரம்.

இதனாலேயே ஒரு வேண்டுகோள். வெளிநாட்டிலிருந்து வரும் அன்பர்கள் விதையையோ நாற்றையோ பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவருவதை நான் ஒருபோதும் அங்கீகரிக்க மாட்டேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வெறும் சம்பிரதாயத்துக்காக இயற்றப்பட்டதன்று. கட்டுநாயக்காவிலுள்ள தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்தின் அனுமதியோடு வரும் விதையே வீட்டுக்கும் நாட்டுக்கும் க்ஷேமம். சப்பாத்தில் ஒட்டிய மண்கூட மலைநாட்டுக் கமக்காரர் ஒருவரின் சீவனோபாயத்தைக் கெடுக்கப் போதுமானது. 1900ஆம் ஆண்டளவில் இத்தீவுக்குள் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க நத்தை இன்று ஒவ்வொரு மழையிரவிலும் நம் நாற்றுக்களை மேய்ந்து திரிவதைக் காண்பவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இடமும் வேரும் சரியாக இருக்கக் கண்ட பின்னரே எருவைப் பற்றி நினைக்க வேண்டும். சிறுகோவா நெடுநாள் நிற்கும் பயிராகையால் உணவு நிறைய வேண்டுவதுதான். நன்கு மக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் நடுகைக்கு முன்பே மண்ணில் கலந்திருத்தல் நன்று. ஆனால் தழைச்சத்து அளவு மீறினால், இலை அகன்று, தண்டு மிருதுவாகி, உருண்டை திரளாமல் விரிந்துவிடும். பூச்சியும் அந்த மிருதுவான இலையையே நாடி வரும். யூரியாவைக் கூட்டக் கூட்ட உருண்டை தளர்வதன் இரகசியம் இதுவே. இலையே எது குறைவென்று சொல்லும்: அடியிலைகள் முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை; நரம்பு பச்சையாக இருக்க நரம்பிடைகள் மாத்திரம் மஞ்சளானால் மக்னீசியக் குறை, அதற்கு எப்சம் உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம்; நாற்றின் இலை ஊதா பூத்தால் மணிச்சத்துக் குறை. தண்டை வெட்டிப் பார்க்கையில் நடுவே பொள்ளலாகிப் பழுப்பேறி, இலைக்காம்புகளும் வெடித்திருந்தால் போரன் போதவில்லை. மழையால் கழுவுண்ட மண்ணில் இது சாதாரணம். ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு வெண்காரம் ஒரு கிராமோ இரண்டு கிராமோ நீரில் கரைத்து ஊற்றினால் போதும். அதற்கு மேற்பட்டால் அதுவே நஞ்சாகும்.

பூச்சிகளுள் வைரமுதுகு அந்து என்பதன் புழு உலகெங்கும் கோவாச் செய்கையாளரைக் கலங்கவைப்பது. இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மாத்திரம் கண்ணாடிபோல் விட்டுவைக்கும் இச்சிறு புழு, மருந்துக்கு மருந்து எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்வதில் பிரசித்தி பெற்றது, டி.டி.டி.யை அது தாங்கி நின்றதை 1953இலேயே ஜாவாவிலிருந்து அறிவித்தார்கள். வீட்டுத் தோட்டத்தார் இதோடு மருந்துப் போட்டி போடுவதைவிட, நாற்றுப் பருவத்திலேயே நுண்வலையால் செடியை மூடி, தாய் அந்து முட்டையிடாமல் தடுப்பதே விவேகம். வெப்பமான தாழ்நிலங்களில் இதனினும் கொடியது குருத்துப்புழு. அது இளங்குருத்தை நூலால் பிணைத்து உட்புகுந்து, வளருமுனையையே தின்றுவிடுகிறது. முனை இழந்த நாற்று சாகாமல் குறுகி நிற்கும், அல்லது அடியிலிருந்து பல தலைகளாகக் கிளைக்கும். மாதக்கணக்கில் எருவிட்டும் வளரவில்லை என்று முறையிடுவோர், செடியின் உச்சியை ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். வளர வேண்டிய முனையே அங்கு இல்லாதிருக்கலாம். சாம்பல் பூசினாற்போல் இலையடியில் மொய்க்கும் அசுகுணியைத் தண்ணீரைப் பீச்சிக் கழுவியும், சவர்க்காரக் கரைசலைத் தெளித்தும் அடக்கலாம். உருண்டைகளுக்குள் அது புகுந்த பின்னரோ சமையலுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் உருண்டை காணாதவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். சாதாரண கோவா மூன்று மாதத்தில் கைக்கு வருகிறது. சிறுகோவாவோ இனத்துக்கேற்ப, நாற்று நட்டதிலிருந்து மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை எடுப்பது. பலர் பொறுமையிழந்து பிடுங்குவது அது திரளத் தொடங்கும் தறுவாயில். செடிக்குச் செடி இரண்டடிக்குக் குறையாத இடைவெளி விட்டு, அடியுருண்டைகள் சுண்டுவிரல் நுனியளவு பருத்ததும் உச்சிக்குருத்தைக் கிள்ளிவிட்டால், மேல்நோக்கி ஓடிய சக்தி பக்கமொட்டுக்களுக்குத் திரும்பி, எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் முதிரும். பறிப்பது எப்போதும் அடியிலிருந்து மேலாக. மஞ்சளான அடியிலைகளை அவ்வப்போது நீக்கிவிட வேண்டும். உறைபனி படிந்த பின் பறித்தது இனிக்கும் என்று பனிநாட்டார் சொல்வது மெய். குளிரைத் தாங்கும்பொருட்டுச் செடி தன் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. முற்காலத்துச் சிறுகோவாவின் கசப்பை 1990களில் நெதர்லாந்து விஞ்ஞானிகள் ஆராய்ந்து, அதற்குக் காரணமான கந்தகச் சேர்மங்களை இனங்கண்ட பின், கசப்புக் குறைந்த இனங்கள் விதைக்கடைகளுக்கு வந்திருக்கின்றன. விதை வாங்குவோர் அத்தகைய இனத்தையும், விரைவில் முதிரும் இனத்தையும் கேட்டு வாங்குதல் நலம்.

கொச்சிக்கடை மாடிக்கு என்ன சொல்வது? நெஞ்சறிந்த உண்மையைச் சொல்வதானால், இறுகிய உருண்டைகளை அங்கே எதிர்பார்க்கலாகாது. கோவாவே வேண்டும் என்போருக்கு, வெப்பத்தைத் தாங்குமாறு ஜப்பானியர் உருவாக்கிய கே.கே. கிராஸ் போன்ற கலப்பினங்கள் இருக்கின்றன. நோக்கோலும் அதிகத் தொந்தரவின்றி வரும். அப்படியும் சிறுகோவாமேல் கொண்ட ஆசையை விடமுடியாதவர்கள் ஐப்பசியில் விதைத்து, மார்கழி முதல் மாசி வரையிலான சற்றே குளிர்ந்த இரவுகளைச் செடிக்குக் கொடுத்து, வாளிகளைச் சுடுதட்டில் வைக்காமல் பலகைமேல் உயர்த்திவைத்து, பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டி, அதை இலைக்கறியாக வளர்க்கலாம். அதன் இலை முழுவதும் உண்ணத்தக்கது. செழித்த செடியொன்று வாரந்தோறும் நாலைந்து இலை தரும். இளம் இலையாகப் பறித்து, நடுவிலுள்ள தடித்த நரம்பை நீக்கி, மிக மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கிய சட்டியில் இட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து, துருவிய தேங்காய்ப்பூவைத் தூவிப் பிரட்டி வறையாக இறக்கலாம். அடுப்பில் நான்கைந்து நிமிடத்துக்குமேல் வைத்திருந்தால் கந்தக வாசம் கிளம்பும். ஆகையால் நிறம் மாறுமுன் இறக்கிவிட வேண்டும்.